போர்டு பார்த்த சனிக்கிழமை

நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. கரைக்கு வந்ததும் அவர் கேட்பார், எப்படியிருக்கு என்று கேட்பார், நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன், அந்த மூச்சுக்கு நடுவில் என் நாக்கு தானாகவே நல்லாயிருக்கு என்று சொல்லிவிடும், அதற்கு அப்படி ஒரு பழக்கம், அதை முதலில் கட்டிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பலகையைத் தள்ளுகிறேன். இடுப்பளவு தண்ணீர். காலுக்கடியில் மணல் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பத்தரை அடி நீளம், முப்பத்திரண்டு அங்குல அகலம், எங்கள் சாப்பாட்டு மேசையைவிட அகலம், அதைவிடக் கனம், ஒரே வித்தியாசம் மேசை நான் தள்ளுகிற பக்கம் போகும். என் கணவர் ஸ்டெனிஸ்லாஸ் ஐந்து மாதமாக எங்கள் வீட்டு முன்னறையில் இழைத்து, பூசி, தேய்த்து, மறுபடியும் பூசிச் செய்த பலகை. இந்த ஐந்து மாதமும் எங்கள் வீட்டுச் சாம்பாரில்கூட ரெசின் வாசம். நின்றுகொண்டு துடுப்புப் போடலாம், நடுவில் இருக்கிற குழியில் மரத்தைச் செருகிப் பாய் கட்டினால் காற்றிலும் ஓட்டலாம். அலையிலும் ஓட்டலாம் என்று அவர் சொல்கிறார். அதைத்தான் இன்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். "ஏட்டி பிரிஸ்கா, பாயை நனைய விடாத, கனத்துரும்," என்று கரையிலிருந்து கத்துகிறார். கடலில் பாயை நனையாமல் வைத்திருப்பது எப்படி என்று திரும்பிக் கேட்க வாயைத் திறக்கிறேன், ஒரு அலை வாய்க்குள் வந்துவிட்டுப் போகிறது.

அவருக்குப் பக்கத்தில் குற்றாலிங்கம் நிற்கிறார். ராமேஸ்வரம் பக்கம் கடலோரத்தில் விடுதி வைத்திருப்பவர், விருந்தாளிகளுக்காக இப்படி இருபது பலகை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மணப்பாடு வரைக்கும் வந்திருக்கிறார், கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரை மடித்துவிட்டிருக்கிறார், கையில் செல்போன் என்னைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறது. "மேடம், பயமில்லையே?" என்று புறப்படும்போது கேட்டார். இல்லை என்றேன். கடலைப் பார்த்து எனக்குப் பயமில்லை, உண்மைதான். அவரைப் பார்த்துப் பயம். அந்தப் போனைப் பார்த்துப் பயம். அதைவிட, குன்றின் மேல் கோயில் மதிலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பார்த்துப் பயம், இரண்டாம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா, அதில் மூன்று பேருடைய பிள்ளைகளுக்கு நான் இயற்பியல் நடத்துகிறேன், திங்கட்கிழமை நான் வகுப்பில் மிதப்பு விசை என்று சொன்னால் பின்பெஞ்சிலிருந்து யார் சிரிப்பார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவேன். சுடிதார் பேண்ட்டும் தம்பியின் கால்பந்துச் சட்டையும் போட்டிருக்கிறேன். முதுகில் பெரிதாக ஒன்பது.

ஏறிவிட்டேன். முட்டி போட்டு, பிறகு ஒரு காலை வைத்து, பிறகு மறு காலை. நின்றால் அசையவில்லை, அதைச் சொல்ல வேண்டும், நிற்பதற்கு அருமை, நிஜமாகவே அருமை, இதன் மேல் நின்று இட்லி அவிக்கலாம். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை மெதுவாகச் சொல்லலாமா? விடைத்தாளில் அப்படித்தானே எழுதுகிறேன். முயற்சி நன்று, படம் தெளிவு, விடை தவறு. ஆனால் பிள்ளைகள் முயற்சி நன்று என்பதைப் படித்ததுமே தெரிந்துகொண்டுவிடுகிறார்கள், முகம் விழுந்துவிடுகிறது, மிச்சத்தை யாரும் படிப்பதில்லை. கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்குகிறேன். தண்ணீர் ஏறின பாய், ஊறப்போட்ட ஜமுக்காளத்தைக் கிணற்றுக்குள்ளிருந்து இழுக்கிற மாதிரி, இடுப்பில் ஏதோ ஒன்று க்ளிக் என்கிறது, கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தபோது இது ஒரு கையால் வந்தது, அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, துறைமுகத்துக்குள் அலையே இல்லாத தண்ணீரில் பன்னிரண்டு நாள் பயிற்சி, கடைசி நாள் ஒரு கோப்பை கொடுத்தார்கள், நான்கு பேர் போட்டியிட்டதில் இரண்டு பேருக்கு வாந்தி. அந்தக் கோப்பையைத்தான் இவர் கல்யாணமான நாளிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். குற்றாலிங்கத்துக்கும் காட்டியிருப்பார். "என் வொய்ஃப் ஸ்டேட் லெவல் அண்ணாச்சி." எந்த ஸ்டேட், என்ன லெவல்.

பாய் எழுந்துவிட்டது. காற்று பிடிக்கிறது. போகிறது. ஐயோ, போகிறது! கால் வழியாக ஒரு நடுக்கம் மேலே ஏறுகிறது, பலகையின் அடியில் தண்ணீர் கலகலவென்று பேசுகிறது, கச்சான் காற்று தோளைத் தள்ளுகிறது, இரண்டு கையிலும் பாய் ஒரு உயிருள்ள சாமான் மாதிரி இழுக்கிறது, இருபத்தைந்து வருஷம் எங்கே போனது, சிரிக்கிறேன், வாயை மூடு, உப்புத் தண்ணீர். இப்போது திருப்ப வேண்டும். பாயைப் பின்னால் சாய்க்கிறேன். பலகை திரும்பவில்லை. இன்னும் சாய்க்கிறேன். யோசிக்கிறது. பின்னங்காலால் அழுத்துகிறேன். சரி, நீ சொல்கிறாயே என்பதற்காக என்பது போல ஒரு விரற்கடை திரும்பி, மறுபடியும் நேராக இலங்கையை நோக்கிப் போகிறது. தெரியும். எனக்குத் தெரியும். குழி முன்னால் போய்விட்டது. பாய்மரம் நிற்கிற குழி ஒரு சாண், பன்னிரண்டு விரல், முன்னால் இருக்கிறது, பாரமெல்லாம் மூக்கில் இறங்குகிறது, அதனால் திரும்பாது, அலை பின்னாலிருந்து தூக்கினால் மூக்கு தண்ணீருக்குள் குத்தும். இதை நான் இப்போது கண்டுபிடிக்கவில்லை. பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கே கண்டுபிடித்துவிட்டேன்.

அன்றைக்கு அவர் காலண்டர் தாள்களைத் திருப்பிப்போட்டு ஒட்டி, சாப்பாட்டு மேசை முழுக்கப் படம் வரைந்து வைத்திருந்தார். காதில் பென்சில். ராத்திரி தூங்கியிருக்கவில்லை. பதினெட்டு வருஷம் ஃபைபர் படகுக் கம்பெனியில் யாரோ வரைந்த படத்துக்குப் பூச்சு பூசிக்கொடுத்தவர், சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் மடங்காமல் போன பிறகும் பூசினவர், வேலையை விட்டுவிட்டு முதல்முதலாகத் தானே ஒன்றை வரைந்திருக்கிறார். "எப்படி?" என்று கேட்டார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. குனிந்து பார்த்தேன், பார்த்த உடனே குழி கண்ணில் பட்டது, தவறான விடை எனக்கு எப்போதுமே முதலில் படும், இருபது வருஷத் தொழில். ஆனால் வாயில் நுரை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் தலையாட்டினேன். நுரையைத் துப்பிவிட்டு வந்து சொல்லலாம் என்றுதான் ஆட்டினேன். துப்பிவிட்டு வந்தபோது அவர் தன் அண்ணனுக்குப் போன் போட்டு, "பிரிஸ்காவே ஓகே சொல்லிட்டா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரி, சாயங்காலம் சொல்லலாம். சாயங்காலம் தெர்மோகோல் வந்து இறங்கியது. வெட்டும்போது சொல்லலாம். வெட்டிவிட்டார். பூசும் முன் சொல்லலாம். பூசிவிட்டார். பெயிண்ட் அடிக்கும்போது சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, நீல நிறம் நன்றாக இருந்தது, நீலம் நன்றாயிருக்கு என்றேன், அது பொய்யில்லை. கல்யாணமான ஏழாம் நாள் கணவாய்க் கறி வைத்துக் கொடுத்து எப்படி என்று கேட்டார், அதில் புளியைத் தவிர ஒன்றுமில்லை, சூப்பர் என்றேன். பதினான்கு வருஷமாக என் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் கணவாய்க் கறி. ஒரு வார்த்தை, பதினான்கு கறி. ஒரு தலையாட்டல், இருபது பலகை. இருபது பலகையும் மூக்கால் கடலைக் குத்தும், யாரோ ஒரு விருந்தாளி, பெங்களூர்க்காரர் ஒருவர், தேனிலவுக்கு வந்தவர், தலைகுப்புற...

கரையில் சிவப்புத் துண்டு ஆடுகிறது. இவர்தான் ஆட்டுகிறார். புறப்படும் முன் சைகை பேசி வைத்துக்கொண்டோம், ஒரு தடவை ஆட்டினால் ஒன்று, இரண்டு தடவை ஆட்டினால் இன்னொன்று, எது எது என்று எனக்கு மறந்துவிட்டது. ஒன்று என்றால் திரும்பி வா, இரண்டு என்றால் இன்னும் வெளியே போ. அல்லது மாற்றி. அவர் நான்கு தடவை ஆட்டுகிறார். அவருக்கும் மறந்துவிட்டது போலிருக்கிறது. நானும் ஒரு கையை எடுத்து ஆட்டுகிறேன், அந்த ஒரு விநாடியில் காற்று செத்துப்போகிறது, பாய் என் மேல் சாய்கிறது, நான் கடல் மேல் சாய்கிறேன்.

விழுந்தால் விழுந்துவிட வேண்டியதுதான், விழுகிற வரைக்கும்தான் கவலை. தண்ணீருக்கடியில் ஒரு விநாடி யாரும் என்னைப் பார்க்கவில்லை, அங்கேயே இருந்துவிடலாமா என்றிருந்தது. மேலே வந்து பலகையைப் பிடித்து ஏறி உட்கார்ந்துகொண்டேன். காற்று துளிகூட இல்லை. கால் இரண்டையும் இரண்டு பக்கமும் தொங்கப்போட்டு, பாய் தண்ணீரில் கிடக்க, அலை உடைகிற இடத்துக்கு வெளியே, ஏறி இறங்கி ஏறி இறங்கி, பஸ் வராத நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறேன். டடடடவென்று ஒரு சத்தம். வள்ளம் ஒன்று வருகிறது. கஸ்பார் அண்ணன், பன்னிரண்டாம் வகுப்பு அனிட்டாவின் அப்பா, வலை எடுத்துவிட்டுத் திரும்புகிறார். இன்ஜினைக் குறைத்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்க்கிறார்.

"யாரு, பிரிஸ்கா டீச்சரா? இங்கன என்ன செய்யுதிய?"

"ஒண்ணுமில்லண்ணே. போர்டு பாக்கேன்."

"சனிக்கிழமையுமா போர்டு?"

"அந்தப் போர்டு இல்லண்ணே. இது. நான் உக்காந்திருக்கேனே, இது."

அவர் பலகையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கடல்காரர்கள் ஒரு படகைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. பிறகு, மீன் கூடையின் மேல் சாக்கைச் சரிபண்ணிக்கொண்டே, "டீச்சர், பாத்ததுதான் பாத்தேன். நம்ம அனிட்டா பிசிக்ஸ்ல எப்படி?" என்றார். நான் நனைந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டேன். பெற்றோர் சந்திப்புக்கு மூன்று தடவை கூப்பிட்டு வராத மனுஷன், நடுக்கடலில் பிடித்துக்கொண்டார்.

"கெட்டிக்காரிதாண்ணே. ஆனா ஒரு சங்கடம். புரியாட்டியும் தலையாட்டுதா. புரிஞ்சுதான்னு கேட்டா ஆட்டுதா. பரீட்சைல பாத்தா ஒண்ணுமில்ல. கேட்டா, நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல டீச்சர்னு சொல்லுதா."

"ஆத்தாடி. வீட்டுல எங்க கிட்டயும் எல்லாம் நல்லாப் போவுதுன்னுல்லா சொல்லுதா." கோபப்படுவாரோ என்று பார்த்தேன். "இப்பமே சொன்னது நல்லதாப் போச்சி டீச்சர். மார்ச்சுல சொல்லியிருந்தியன்னா நான் என்ன செய்ய?" என்றார். கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகவா என்று கேட்டார். கறுப்புக் கண்ணாடி என்னை வள்ளத்தில் கட்டி இழுத்து வருவதைப் படம் எடுப்பது நினைவில் வந்து, வேண்டாம் என்றேன். "அப்பம் பாத்துப் போங்க, காத்து இப்ப வந்துரும், பின்னால மூணு பெருசு வருது," என்று சொல்லிவிட்டு இன்ஜினைத் தூண்டிக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். நாக்கு தடுக்கவே இல்லை. அடுத்தவர் பெண்ணைப் பற்றி அடுத்தவரிடம் சொல்லும்போது டீச்சராக இருக்கிறேன், வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுகிறேன்போல. அனிட்டாவை ஒரு நாள் பெஞ்சின் மேல் நிற்கவைக்கப் பார்த்தேன். பிப்ரவரியிலிருந்து நானல்லவா நின்றிருக்க வேண்டும், சட்டையில் ஒன்பதாம் எண்ணோடு.

மூணு பெருசு என்றாரே, மூணு பெருசு என்ன? திரும்பிப் பார்க்கிறேன். பின்னால் கடல் மடிந்து ஒரு சுவர்போல வருகிறது. காற்றும் வந்துவிட்டது, கழுத்தில் சில்லென்று. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, எப்படிப் பாயைத் தூக்கினேன் என்று தெரியவில்லை, இடுப்பு க்ளிக், முதல் அலை அடியில் புகுந்து போய்விட்டது, இரண்டாவது தூக்குகிறது, பலகையின் வால் மேலே, மூக்கு கீழே, நான் நினைத்த அதே மாதிரி, வரிக்கு வரி அதே மாதிரி, நீல மூக்கு தண்ணீருக்குள் குத்தப் போகிறது, என் விடை சரி என்கிற திருப்தியோடு சாகப் போகிறேன். பின்னால் போ. பின்னால், பின்னால், நாலெட்டு, கையில் பாய்க்கயிறு முழு நீளத்துக்கு இழுக்கிறது, வாலின் கடைசியில் குந்திவிட்டேன், குந்தினால் என்ன, கோயில் மதிலில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்கிறார்கள், மூக்கு ஒரு கணம் யோசித்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது. போகிறேன். அலையின் மேல் போகிறேன். இத்தனை வேகத்தில் நான் பஸ்ஸில்கூடப் போனதில்லை. என் உடம்பில் எந்த இடமும் பயத்துக்கு மிச்சமில்லை, ஆஆஆ என்று ஒரு சத்தம் கேட்கிறது, அது நான்தான். திரும்ப வேண்டும். திரும்பாது. தெரியும் அது திரும்பாது என்று. நேராகக் கரை. நேராகக் கரையில், கணுக்கால் தண்ணீரில், குற்றாலிங்கம். போன் எனக்கு நேரே.

"தள்ளுங்க!" என்று கத்துகிறேன். நான் உற்சாகத்தில் கத்துகிறேன் என்று நினைத்து அவர் கையை ஆட்டுகிறார். "தள்ளு அண்ணாச்சி!" அவர் இன்னும் நன்றாக ஆட்டுகிறார். பாயை விட்டுவிட்டேன், அது ஒரு பக்கம் விழுந்தது, நான் ஒரு பக்கம் விழுந்தேன், பலகை மட்டும் கொஞ்சமும் சந்தேகமில்லாமல் நுரையோடு நேரே போய், கால்களை விரித்து நின்றிருந்த குற்றாலிங்கத்தின் கால்களுக்கு நடுவே நுழைந்து, அவரை மெதுவாக, ஒரு குழந்தையைத் தூக்கி உட்காரவைப்பதுபோல, தன் மேல் உட்காரவைத்து, நாலடி தூரம் மணலில் கொண்டுபோய் நிறுத்தியது.

கண்ணாடியைக் காணோம். போன் உயர்த்திய கையில் நனையாமல் இருந்தது. "பிரமாதம்," என்றார் குற்றாலிங்கம். நிஜமாகவே சொன்னார். "என்ன ஒரு நேர்! மேடம், எப்படி இருக்கு?"

நான் எழுந்து நிற்கிறேன். காதுக்குள் தண்ணீர். சட்டைக்குள் மணல். ஸ்டெனிஸ்லாஸ் மடங்காத காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார், கையில் சிவப்புத் துண்டு, என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பிறகுதான் பலகையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், அதே வெளிச்சம், பிப்ரவரி வெளிச்சம். நாக்கு புறப்பட்டுவிட்டது. நல் என்ற வரைக்கும் வந்துவிட்டது.

"நல்லா மிதக்கு. ஆனா திரும்பல. குழி ஒரு சாண் முன்னால இருக்கு."

"ஒரு சாணா?"

"ஒரு சாண்."

பூசிய ரெசின் காய்ந்ததா இல்லையா என்று விரல் வைத்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "இப்பத்தான் தெரிஞ்சிதா?"

ஆமாம் என்று சொல்லலாம். வழி விட்டுத்தான் கேட்கிறார். "இல்ல. நீங்க படம் வரைஞ்ச அன்னைக்கே தெரியும்."

"நீதானட்டி தலையாட்டுன."

"வாயில பேஸ்ட் இருந்துச்சி."

"அஞ்சு மாசமாவா இருந்துச்சி?"

குற்றாலிங்கம் பலகையிலிருந்து இன்னும் எழவில்லை. "சார், திரும்பாட்டி என்ன சார்? எங்க கெஸ்டுங்க நேராப் போனாலே சந்தோஷப்படுவாங்க. இதே மாதிரி இருபது போட்டுருங்க."

அவர் வேண்டும் என்கிறார். இவர் தலையாட்டினால் முடிந்தது. ஸ்டெனிஸ்லாஸ் துண்டை என் தோளில் போட்டார். போட்ட வேகத்தில் கோபம் இருந்தது, போட்ட விதத்தில் இல்லை. "இத மாதிரி ஒண்ணுகூடத் தரமாட்டேன் அண்ணாச்சி. அலையில மூக்கு குத்துது, நானே பாத்தேன். இவ வாலுக்கு ஓடலன்னா இந்நேரம்..." அதை முடிக்கவில்லை. "அடுத்தது செஞ்சு தாரேன்."

"அதுக்கு இன்னும் அஞ்சு மாசமா?"

"இவ வாயத் தொறந்தா ரெண்டு மாசம்."

கரையில் கிடந்த துடுப்பை எடுத்து ஈர மணலில் இரண்டு கோடு இழுத்துப் பலகையின் உருவத்தை வரைந்தார், குனிய முடியாததால் துடுப்புதான் பென்சில். நுனி, வால், நடுக்கோடு, பழைய குழி. "எங்க வைக்கணும், காட்டு." நான் குதிகாலால் ஒரு இடத்தில் குத்தினேன். "அங்கயா? அங்க வச்சா மூக்கு வானத்தப் பாக்கும்." பார்க்காது என்றேன். பார்க்கும் என்றார், பதினெட்டு வருஷம் படகு பூசியிருக்கேன் என்றார். பூசினீங்க, ஓட்டுனீங்களா என்றேன். சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு. அவர் என்னையே பார்த்தார், ஏதோ ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல, அவருக்கும் மூச்சு வாங்கியது. "அப்பம் பிடி," என்று துடுப்பை என் கையில் திணித்தார், "நீயே வரஞ்சு காட்டு, எந்தக் கணக்குல சொல்லுத?" நான் அவர் வரைந்த குழியின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். தப்பு, என்றேன். சொல்ல எவ்வளவு சின்ன வார்த்தை, வாய் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடுகிறது. இன்னொரு தடவை சொன்னேன். இது தப்பு. எடை இங்க இறங்குது, காத்து இங்க தள்ளுது, பாருங்க என்று படத்தின் மேலேயே ஏறி நின்றுவிட்டேன், அவர் என் கால் எங்கே நிற்கிறது என்று குனியாமல் குனிந்து பார்க்கிறார், குற்றாலிங்கம் கண்ணாடியைத் தேடித் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார், கோயில் மதிலில் எல்லோரும் கேட்கும்படி நாங்கள் கத்திக்கொண்டிருக்கிறோம், எனக்குக் குளிரவே இல்லை.

"சரி," என்கிறார் கடைசியில், மோவாயைத் தடவிக்கொண்டு. "ஆறு விரல் பின்னால தள்ளுதேன்."

"பன்னிரண்டு," என்கிறேன்.